உதிர்ந்த இறகு குப்பையல்ல

"உதைக் கீழ போடு, வருத்தம் வரும்." நெடுங்கேணியில் ஒரு பிள்ளை வளவில் கிடந்த இறகைக் கையில் எடுத்தால் முதலில் காதில் விழுவது இதுதான். தாய் சொல்கிறார், அம்மம்மா சொல்கிறார், முன்பள்ளி ரீச்சர் சொல்கிறார், கைத்தொலைபேசியில் யாரோ அனுப்பிவைத்த காணொளியும் அதையே சொல்கிறது. இறகில் கிருமி இருக்கிறது, பேன் இருக்கிறது, பறவைக் காய்ச்சல் இருக்கிறது. கைவேலைக்கு இறகு வேண்டுமென்றால் வவுனியா ரவுணில் சாயம் தோய்த்த இறகுப் பக்கற் விற்கிறது, வாங்கிக் கொடுத்தால் அலுவல் முடிந்தது. எதிர்த்துக் கதைக்க ஆளில்லாதபடியால் இது இப்போது விதியாகிவிட்டது. சித்திரப் பாடத்துக்கென்று பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு வந்த இறகுகளை ஒரு பாடசாலையில் பறித்தெடுத்து, சருகுக் குவியலோடு போட்டுக் கொளுத்தினார்கள். கருகின நாற்றம் வகுப்பறைக்குள் வந்தபோது, "பார்த்தீங்களா, எவ்வளவு ஊத்தை" என்று அதையே சாட்சியாகவும் காட்டினார்கள். மயிரை எரித்தாலும் நகத்தை எரித்தாலும் அதே நாற்றம்தான் வரும். மூன்றும் கெரட்டின் என்ற புரத வகையால் ஆனவை.

நான் இந்த ஊரில் சிறுபிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லிக்கொடுக்கிறவள். இந்த விதி பிழையென்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நோய்க்குப் பயப்படுவதை நான் பிழையென்று சொல்லவில்லை. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைக் கொண்டுபோனதைக் கண்ட பிறகு, சேற்றில் கால் வைக்கிற பிள்ளையைப் பார்த்து எந்தத் தாய்க்கும் நெஞ்சு பதறத்தான் செய்யும். ஆனால் பயம் சரியான இடத்தைப் பிடிக்க வேண்டும். இறகின்மேல் முழுப் பயத்தையும் ஏற்றிவைத்துவிட்டு, நோய் உண்மையில் வருகிற வழிகளைப் பாராமல் விட்டிருக்கிறோம்.

பறவைக் காய்ச்சலிலிருந்து தொடங்குகிறேன். எல்லாரும் அதைத்தான் முதலில் எடுக்கிறார்கள். அதைக் கொடுக்கிற எச்5என்1 வைரஸ் மனிதருக்குத் தொற்றுமென்று உலகம் முதலில் அறிந்தது 1997இல் ஹொங்கொங்கில். அப்போது 18 பேருக்குத் தொற்றி 6 பேர் இறந்தார்கள். உயிர்க்கோழி விற்கிற சந்தைகள்தான் அந்தத் தொற்றுக்கு வழியாக இருந்தன. அதற்குப் பிறகு வேறு நாடுகளிலும் நோயுற்ற பறவையைப் பிடித்தவர்கள், செத்த பறவையை உரித்தவர்கள், பண்ணைக் கூடுகளைத் துப்பரவாக்கியவர்கள்தான் பெரும்பாலும் மாட்டுப்பட்டார்கள். வளவில் உதிர்ந்து, வெயிலில் காய்ந்து கிடந்த இறகு அந்தக் கதையில் வருவதில்லை.

எதிர்த்தரப்பிடம் இருக்கக்கூடிய ஆகப் பலமான சான்றை நானே எடுத்து வைக்கிறேன். 2010இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எச்5என்1 தொற்றிய வாத்துகளின் இறகுகளை எடுத்துச் சோதித்து வெளியிட்டார்கள். உடம்பிலிருந்து பிரிந்த இறகில் அந்த வைரஸ் 4 பாகை செல்சியஸ் குளிரில் 160 நாள் உயிரோடு இருந்தது. 20 பாகையில் 15 நாள் இருந்தது. இதைப் படித்துவிட்டு இறகைத் தொடாதே என்று சொல்வது ஒரு முடிவு. நான் எடுக்கிற முடிவு வேறு. 20 பாகை என்பது எங்கள் ஊருக்கு மார்கழி, தை விடியற்காலைகளில் மட்டும் எட்டிப்பார்க்கிற குளிர். வெப்பம் ஏற ஏற வைரசின் ஆயுள் குறையும். நோயுற்ற வாத்தின் இறகிலேயே 20 பாகையில் 15 நாள்தான் என்றால், பொறுக்கிய இறகை மூடின போத்தலில் ஒரு மாதம் வைத்துவிட்டு எடுத்தால் போதும். அதற்குப் பிறகு சவர்க்காரமும் இருக்கிறது. இந்த வைரசுக்கு மேலே கொழுப்பு உறை உண்டு, சவர்க்காரம் அந்த உறையை உடைத்துவிடும். கொரோனாக் காலத்தில் சந்திக்குச் சந்தி வாளியும் சவர்க்காரமும் வைத்து நாங்கள் பழகின பாடம் இதேதான்.

இப்போது கோழிக்கூட்டுக்கு வருவோம். இந்த ஊரில் கோழி இல்லாத வளவு அபூர்வம். விடிய எழும்பிக் கூட்டைத் திறந்துவிடுவது, முட்டை எடுப்பது, கூட்டின் அடியைக் கூட்டியள்ளிக் கத்தரிக் கன்றுகளுக்குப் போடுவது என்று பாதி வேலை பிள்ளைகளுடையது. கோழி உரிக்கும்போது பக்கத்தில் குந்தியிருந்து சுடுதண்ணி ஊற்றிக் கொடுக்கிறதும் அவர்கள்தான். சால்மொனெல்லா கோழி எச்சத்தில் இருக்கும், முட்டைக் கோதில் ஒட்டியிருக்கும். கிளிக்காய்ச்சலைக் கொடுக்கிற கிருமி, கூட்டில் அடைத்து வளர்க்கிற கிளியின் காய்ந்த எச்சத் தூசியில் எழும்பி மூச்சோடு உள்ளே போகும். புறாக்கூட்டின் பழைய எச்சத்தில் பூஞ்சணங்களும் உண்டு. கூட்டு வேலைகளைச் செய்து முடித்துவிட்டுக் குசினிக்குள் ஓடுகிற பிள்ளையைப் பார்த்துக் கை கழுவினாயா என்று கேட்கிறவர் எத்தனை பேர்? வரம்பில் கிடந்த ஒற்றைக் கொக்கிறகோடு வருகிற பிள்ளைக்குத்தான் ஏச்சு விழுகிறது.

பேனும் உண்ணியும் பற்றிய பயத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. இறகில் வாழ்கிற நுண்ணிய சிற்றுண்ணிகள் இறகின் எண்ணெயையும் அதில் படிகிற பூஞ்சணத்தையும் தின்கிறவை. பறவைப் பேன் மனிதத் தலையில் குடியேறாது, பறவையின் உடற்சூடு இல்லாமல் அதற்கு வாழ்வில்லை. மனிதரைக் கடிக்கிறது கோழிக்கூட்டிலும் பழைய கூடுகளிலும் ஒளிந்திருக்கிற செவ்வுண்ணி. ஆகவே கூட்டுக்குள் கைவிடாதே என்பது நல்ல விதி, அதை நானும் சொல்கிறேன்.

இறகு எங்கள் கைக்குப் புதிதுமில்லை. பரியாரி எண்ணெய் தடவியது கோழியிறகால். காவடி கட்டுகிற வீடுகளில் மயிலிறகுக் கற்றைகளைத் துடைத்து, வெயில் காட்டி, துணியில் சுற்றி அடுத்த திருவிழாவுக்கு எடுத்து வைக்கிறார்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகிற பிள்ளை அந்தக் காவடியின் கீழே நின்று இறகைத் தடவிப் பார்க்கிறது, ஒருவரும் கையைத் தட்டிவிடுவதில்லை. பட்மின்ரன் விளையாடுகிற பெடியனின் கையில் இருக்கிற நல்ல பந்தில் 16 வாத்திறகுகள் அல்லது தாரா இறகுகள் இருக்கின்றன. அவற்றையெல்லாம் யாரோ ஒருவர் கழுவித்தான் இருக்கிறார். கழுவினால் இறகு சுத்தமாகும் என்பதை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டவர்கள், அந்தக் கழுவலைத் தங்கள் வீட்டுக் கிணற்றடியில் மட்டும் ஏன் நம்பக்கூடாது?

இனி எதிர்த்தரப்பின் ஒரு வாதம் இருக்கிறது, அதை நான் மேலோட்டமாகத் தாண்டிப் போக முடியாது. இதை வன்னியில்தான் சொல்வார்கள், சொல்ல உரிமையும் உண்டு: "இந்த மண்ணில கிடக்கிறதைப் பொறுக்கச் சொல்லிப் பிள்ளையளுக்குப் பழக்கிறியளோ?"

மீள்குடியேறி வந்த ஆண்டுகளில் பாடசாலைச் சுவர்களில் தொங்கிய படங்களை இந்தத் தலைமுறைத் தாய்மார் மறக்கவில்லை. மிதிவெடிகள், எறிகணைகள், குண்டுகளின் படங்கள். கண்டால் நில், தொடாதே, வந்த வழியே திரும்பிப் போய்ப் பெரியவர்களிடம் சொல். பந்தென்று எடுத்தது வெடித்துக் கையிழந்த பிள்ளைகளை எங்கள் ஊர்கள் கண்டிருக்கின்றன. இலங்கை மிதிவெடித் தடைச் சாசனத்தில் சேர்ந்தது 2017 டிசம்பரில்தான். வடக்கில் வெடி அகற்றும் வேலை அதற்குப் பிறகும் தொடர்கிறது, சிவப்புப் பலகைகளை இன்னும் காடுகளின் ஓரத்தில் காணலாம். ஆகவே கீழே கிடப்பதைத் தொடாதே என்று ஒரு தாய் சொல்லும்போது அவருடைய மனதில் இறகு மட்டும் இருப்பதில்லை.

இந்தப் பயத்தின் முன்னால் நான் தலைகுனிந்து நிற்கிறேன். ஆனால் அந்தப் பயத்தை வைத்தே சொல்கிறேன். உயிர்களைக் காப்பாற்றிய விதி, தெரியாத பொருளைத் தொடாதே என்பது. பிள்ளையை உற்றுப் பார்க்கச் சொல்கிற விதி அது. எது தெரிந்தது, எது தெரியாதது என்று பிரிக்கக் கண்ணைப் பழக்குகிற விதி. அதை நிலத்தில் கிடப்பது எதையும் தொடாதே என்று அகட்டினால், எந்தப் பிள்ளையும் கடைப்பிடிக்க முடியாத ஒன்றாக அது மாறிவிடும். பாலைப்பழக் காலத்தில் இந்த ஊர்ப் பிள்ளைகள் எங்கே குனிந்துகொண்டு நிற்கிறார்கள்? விறகு பொறுக்க அனுப்புவது யார்? புளியங்காய் விழுந்தால் அள்ளிக்கொண்டு வரச் சொல்வது யார்? ஒவ்வொரு நாளும் மீறப்படுகிற விதி ஆபத்தான நாளில் மட்டும் நினைவுக்கு வராது. இறகென்றால் என்ன, அது எந்தப் பறவையுடையது, அதற்குப் பக்கத்தில் மண்ணுக்குள் அரைவாசி புதைந்து தெரிகிற துருப்பிடித்த சாமான் என்ன என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த பிள்ளைதான் பாதுகாப்பான பிள்ளை.

அதற்காகக் காட்டுக்குள் போய்ப் பொறுக்கு என்று நான் ஒருபோதும் சொல்வதில்லை. என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கு எல்லை உண்டு. சொந்த வளவு, பாடசாலை முற்றம், கோயில் வீதி, மாடும் மனிதரும் நாள்தோறும் நடக்கிற வயல் வரம்பு. பாதையை விட்டு ஓரடிகூடக் கால் வைக்கக்கூடாது. பற்றைக்குள் எவ்வளவு வடிவான மயிலிறகு தெரிந்தாலும் அதைக் கண்டதாக வந்து சொல்ல வேண்டும், எடுக்கக்கூடாது. எடுத்துத் தரும்படி பெரியவர்களைக் கேட்கவும் கூடாது. ஒரு இறகுக்காக யாரும் பாதை மாறத் தேவையில்லை. சருகுக்குள் பாம்பும் இருக்கும். மழை வெள்ளம் நின்ற சேற்றில், வாய்க்காலில், எலி ஓடுகிற இடத்தில் கிடப்பதையும் விட்டுவிட வேண்டும். எலிக்காய்ச்சல் பயத்துக்கு உரிய இடம் அதுதான். செத்த பறவை கிடந்தால் அதற்குக் கிட்டவும் போகக்கூடாது, அதைச் சுற்றிக் கிடக்கிற இறகும் வேண்டாம். இரண்டு மூன்று பறவைகள் ஓரிடத்தில் செத்துக் கிடந்தால் உடனே வந்து சொல்ல வேண்டும். இவ்வளவையும் ஏழு வயதுப் பிள்ளை கடைப்பிடிக்குமா என்று கேட்கிறவர்கள், மிதிவெடிப் படங்களைப் பார்த்து வளர்ந்த அந்தப் பிள்ளைகளின் தாய்மாரை நினைத்துப் பார்க்கட்டும். அவர்கள் அந்த வயதில் இதைவிடக் கடினமான விதிகளைக் காத்து வளர்ந்தவர்கள்.

இனிக் கழுவுவது. இதில் இன்னொரு தரப்போடும் எனக்குச் சண்டை உண்டு. இறகை எடுக்கலாம் என்று ஒப்புக்கொண்ட பிறகும் பயம் போகாமல், குளோரினில் ஊறப்போடுகிறவர்கள், கொதிதண்ணியில் அவிக்கிறவர்கள், பூச்சி உருண்டை போட்ட ரின்னில் அடைக்கிறவர்கள் அந்தத் தரப்பு. அடுத்த நாள் இறகு சிக்குப்பிடித்த நூலாகக் கிடக்கும், "பார், இதுகள் உதவாது" என்பார்கள். குளோரின் கலந்த வெளிற்றும் திரவம் புரதத்தைத் தின்னும், இறகு முழுவதும் புரதம். கொதிதண்ணி இழைகளை முறுக்கி விடும். பூச்சி உருண்டையில் இருக்கிற நப்தலீன் சிறுபிள்ளைகளுக்கு நஞ்சு. ஜி6பிடி என்ற நொதியம் குறைந்த பிள்ளைக்கு அது இரத்தச் சிவப்பணுக்களையே உடைத்துவிடும். கிருமிக்குப் பயந்து பிள்ளையின் கைக்கு எட்டுகிற இடத்தில் நப்தலீன் வைக்கிறவர்களை என்னால் ஒருபோதும் விளங்கிக்கொள்ள முடிந்ததில்லை.

இறகுக்குத் தேவைப்படுவது மிகச் சிறிது. முதலில் பெரியவர் ஒருவர் வெளியிலே, காற்றுக்கு முதுகு காட்டி நின்று உதற வேண்டும். எச்சம் பட்டது, இரத்தம் பட்டது, பூச்சி அரித்தது எல்லாவற்றையும் அங்கேயே கழித்துவிட வேண்டும். மிஞ்சியதை மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் போட்டு ஒரு மாதம் விட வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் உறைபனித் தட்டு இருக்கிற வீட்டில் அதற்குப் பிறகு ஒரு வாரத்துக்கு மேல் அதற்குள்ளும் வைத்தெடுத்தால் இறகு தின்கிற அந்துப்பூச்சியின் முட்டையும் சாகும். அந்த வசதி இல்லாவிட்டால், கறுப்புப் பொலித்தீனில் இறுக்கிக் கட்டிச் சித்திரை வெயிலில் தகரத்தின்மேல் வைத்தால் உள்ளே ஏறுகிற சூடு அதே வேலையைச் செய்யும். கறுப்புப் பொலித்தீன் ஏனென்றால், நேர் வெயில் நிறத்தை எடுத்துவிடும்.

பிறகு ஒரு பேசினில் நகச்சூட்டுத் தண்ணி. பாத்திரம் கழுவுகிற திரவம் இரண்டு மூன்று துளி, அல்லது தலைக்கு வைக்கிற ஷாம்பு. காம்பை ஒரு கையால் பிடித்து, மற்றக் கையின் இரண்டு விரலுக்கு நடுவே இறகை வைத்து, அடியிலிருந்து நுனியை நோக்கி மட்டும் தடவ வேண்டும். எதிர்ப்பக்கம் தடவினால் இழை முறிந்துவிடும். பிள்ளைகள் முதலில் உடுப்புக் கழுவுகிறதுபோலத் தேய்க்கப் பார்ப்பார்கள், ஒருமுறை காட்டினால் போதும். பிறகு வெறும் தண்ணியில் அலச வேண்டும். அதன் பின்னர் பெரியவர் சேர்ஜிகல் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஒரு தரம் துடைத்துவிடலாம். அடுப்புக்குக் கிட்ட இதைச் செய்யக்கூடாது, பிள்ளையிடம் அந்தப் போத்தலைக் கொடுக்கவும் கூடாது. மென்தூவிகளைக் காற்று கொண்டுபோய்விடும், ஆகவே பழைய நுளம்பு வலைத்துண்டில் பொட்டணமாகக் கட்டி நிழலில் தொங்கவிடுவது வசதி. பெரிய இறகுகளைப் பருத்தித் துணியில் பரப்பலாம்.

அரைவாசி காய்ந்த நேரம்தான் முக்கியமான நேரம். தண்ணியிலிருந்து எடுத்த இறகு பார்க்கச் சகிக்காது, இழைகள் பிரிந்து ஈர்க்குப்போல நிற்கும். பிள்ளையின் முகம் வாடிவிடும். அப்போது விரலால் அடியிலிருந்து நுனிவரை மெல்ல நீவச் சொல்ல வேண்டும். ஒவ்வோர் இழையிலும் நுண்ணிழைகள் இருக்கின்றன, அவற்றில் கண்ணுக்குத் தெரியாத கொளுக்கிகள் இருக்கின்றன. நீவும்போது அந்தக் கொளுக்கிகள் பக்கத்து இழையைப் பிடித்துக்கொள்ள, பாடசாலைப் பையின் சிப் பூட்டுவதுபோல இறகு மூடிக்கொண்டு வரும். பிரிந்து கிடந்தது மறுபடி ஒரே தகடாகும். பறவை நாள் முழுதும் அலகால் செய்கிற வேலை இதுதான். வால் அடியில் இருக்கிற சுரப்பியின் எண்ணெயைத் தொட்டுத் தொட்டுப் பூசிக்கொண்டு அது செய்கிறது. மைனா கிளையில் குந்தியிருந்து என்ன கோதுகிறது என்று இதற்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

மயிலிறகைக் கழுவும்போது இன்னொன்று நடக்கும். நனைந்தவுடன் நீலமும் பச்சையும் மங்கிப் போய் இறகு கபிலமாகக் கிடக்கும். "ரீச்சர், சாயம் போட்டுது!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். தண்ணியைப் பார்க்கச் சொல்லுங்கள், அதில் சாயம் ஒரு சொட்டும் இராது. காய்ந்ததும் நிறம் திரும்பி வரும். மயிலிறகில் நீலச் சாயமே இல்லை, உள்ளே இருப்பது எங்கள் தலைமயிருக்குக் கருமை தருகிற மெலனின். அது நுண்ணிய கோல்களாக அடுக்கப்பட்டிருக்கிற ஒழுங்கில் ஒளி பட்டுத் திரும்பும்போதுதான் நிறம் பிறக்கிறது. இடைவெளிக்குள் தண்ணி புகுந்தால் ஒளியின் கணக்கு மாறிவிடும். ரொபேர்ட் ஹூக் என்ற ஆங்கில அறிஞர் 1665இல் வெளியிட்ட தன் நுண்காட்டி நூலில் மயிலிறகை நனைத்துப் பார்த்து, நிறம் மறைவதை எழுதி வைத்திருக்கிறார். அவர் இலண்டனில் கண்டதை நெடுங்கேணிப் பிள்ளை ஒரு பேசின் தண்ணியில் காண முடியும். அந்த இறகு ஊத்தையென்று நாங்கள் பறித்து எரிக்காமல் இருந்தால் போதும்.

சட்டம் பற்றிய வாதமும் ஒன்று உண்டு, அது பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகிறது. அமெரிக்காவில் இருக்கிற மாமா, "இஞ்ச இறகை எடுத்தாலே குற்றம், நீங்கள் பிள்ளையளைக் கொண்டு பொறுக்கிறியள்" என்கிறார். அவர் சொல்வது உண்மை. அங்கே 1918இல் வந்த இடம்பெயர் பறவைச் சட்டப்படி, அது காக்கிற பறவையின் தானாக உதிர்ந்த இறகைக்கூட வைத்திருக்கக்கூடாது. ஆனால் அந்தச் சட்டம் பிறந்த காரணம் கிருமியில்லை, தொப்பி. பணக்காரப் பெண்களின் தொப்பிகளுக்காகக் கொக்குகளையும் நாரைகளையும் குஞ்சு பொரிக்கிற காலத்தில் கூட்டம் கூட்டமாகச் சுட்டார்கள். பிரித்தானியாவில் அதை எதிர்த்துப் பெண்களே 1889இல் சங்கம் தொடங்கிப் போராடி, 1921இல் இறகு இறக்குமதியைத் தடுக்கிற சட்டத்தைக் கண்டார்கள். உதிர்ந்ததா கொன்று பிடுங்கினதா என்று நீதிமன்றத்தில் பிரித்துக் காட்டுவது கடினம் என்பதால்தான் அமெரிக்கா எல்லாவற்றையும் சேர்த்துத் தடுத்தது. இந்தியா வேறு வழியில் போனது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் மயிலின் வாலிறகுக்கு விலக்குக் கொடுத்தது. அந்த விலக்கின் மறைவில் கொன்று பிடுங்கியதும் சந்தைக்கு வருகிறதென்ற குற்றச்சாட்டும் அங்கே நெடுங்காலமாக உண்டு.

இந்தக் கவலையை நான் முழுமையாக ஏற்கிறேன். எங்கள் நாட்டிலும் 1937ஆம் ஆண்டிலிருந்து விலங்கினங்களையும் தாவரங்களையும் காக்கிற கட்டளைச் சட்டம் இருக்கிறது, மயிலைக் கொல்வது குற்றம். மயில் இங்கே கச்சானையும் நெல்லையும் கிண்டுகிறது, மிளகாய்க் கன்றைக் கொத்துகிறது, கமக்காரருக்கு அதன்மேல் நல்லெண்ணம் இல்லை. கைவேலைக்கென்று இறகுக்கு விலை வந்தால் அந்தக் கோபத்துக்கு ஒரு கூலியும் கிடைத்துவிடும். அதனால்தான் என் வகுப்பில் இறகை விற்கவும் வாங்கவும் இடமில்லை. கட்டாக வருகிற மயிலிறகை வாங்கி வைப்பதில்லை. காம்பின் நுனியைப் பார்க்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். தானாக உதிர்ந்த இறகின் நுனி காய்ந்து மழுங்கிச் சுத்தமாக இருக்கும், பிடுங்கியதில் சதைத்துணுக்கோ இரத்தக் கறையோ ஒட்டியிருக்கும். இனச்சேர்க்கைக் காலம் முடிய ஆண்மயில் தன் தோகை முழுவதையும், ஏறத்தாழ 150 இறகுகளை, தானாகவே உதிர்த்துவிடும். அடுத்த பருவத்துக்குப் புதிதாக முளைக்கும். ஒரு மயிலையும் தொடாமல் ஒரு வகுப்புக்குப் போதுமானது கிடைக்கும். சட்டத்தில் சந்தேகம் உள்ளவர்கள் வனசீவராசிகள் திணைக்கள அலுவலகத்தில் கேட்டு, மயிலிறகையே விட்டுவிட்டுக்கூட இந்த வேலையைச் செய்யலாம். வீட்டுக் கோழியின் இறகுக்கு எந்தச் சட்டமும் குறுக்கே வராது.

ஆந்தையிறகு, காகத்திறகு வீட்டுக்கு ஆகாது என்கிறவர்களோடு நான் வாதாடுவதில்லை. அவற்றைப் பாடசாலையில் வைத்துக்கொள்கிறேன்.

கடையில் விற்கிற பக்கற்றில் என்ன குறை என்று பெற்றோர் நேரே கேட்கிறார்கள். அதில் இருப்பது சாயமேற்றிய வளர்ப்புப் பறவை இறகு. ஊதாவும் செம்மஞ்சளும் ஒரே அளவில் வெட்டினதுபோல அடுக்கியிருக்கும். ஈரக்கையால் தொட்டால் சாயம் விரலில் பிடிக்கும். அது எந்தப் பறவை என்று கேட்டால் பிள்ளையிடமும் பதில் இல்லை, ரீச்சரிடமும் இல்லை. நாள்கூலிக்குப் போகிற வீட்டில் அந்தப் பக்கற்றின் காசுக்கும் கணக்குப் பார்க்க வேண்டும், வாங்க முடியாத பிள்ளை வெறுங்கையோடு பின்வாங்கில் இருக்கும். எனக்கு இதைவிடப் பெரிய மனத்தாங்கல் ஒன்று உண்டு. வாசலில் செண்பகம் நடக்கிற, குளக்கட்டில் கொக்கு நிற்கிற, கூரைக்கு மேலே கிளிக்கூட்டம் கத்திக்கொண்டு போகிற ஊரில், இறகென்றால் பக்கற்றில் வருகிற ஊதாச் சாமான் என்று ஒரு பிள்ளை படித்துவிட்டுப் போவது.

பொறுக்கிக் கழுவின இறகு பேசும். பறக்கிற சிறகின் இறகில் நடுத்தண்டுக்கு ஒரு பக்கம் ஒடுக்கம், மறுபக்கம் அகலம். காற்றை வெட்டுகிற பக்கம் ஒடுங்கியிருக்கும். பறவை எங்களுக்கு முதுகு காட்டி நிற்பதாக நினைத்து, காம்பு மேலும் நுனி கீழுமாக, மேற்பக்கம் எங்களைப் பார்க்கப் பிடித்தால், ஒடுங்கிய பக்கம் இடப்புறம் இருந்தால் அது இடச்சிறகிலிருந்து விழுந்தது. சின்னப் பிள்ளைகள்கூட இதை ஒரே நாளில் பிடித்துக்கொண்டு, பிறகு காணுகிற இறகையெல்லாம் இடம், வலம் என்று பிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஆந்தையின் சிறகிறகில் முன் ஓரத்தைத் தடவினால் சீப்புப் பல்போல நுண்ணிய அரம் விரலில் படும், மேற்பரப்பு பட்டுப்போல இருக்கும். இரவில் சத்தமில்லாமல் அது எப்படி எலியின்மேல் இறங்குகிறது என்பதற்கு அதுதான் விடை. கிளியிறகின் பச்சையும் மயில்நீலம்போலப் பாதி வித்தை, உள்ளே மஞ்சள் நிறமியும் நீலத்தைத் திருப்புகிற அமைப்பும் சேர்ந்துதான் அந்தப் பச்சை. இவற்றை ஒட்டுச்சித்திரமாக ஒட்டும்போது பிள்ளை இறகை எந்தப் பக்கம் சரிப்பது என்று நிதானித்து ஒட்டுகிறது. செண்பகத்தின் செங்கபில இறகைச் செண்பகத்தின் சிறகில்தான் வைக்க வேண்டுமென்று இரண்டு பேர் சண்டை பிடித்ததையும் கண்டிருக்கிறேன். சுற்றாடல் பாடக் கொப்பியில் பறவைகளின் பெயரை வரிசையாக எழுதி மனனம் பண்ணின வகுப்பில் அப்படியொரு சண்டை வந்ததில்லை.

விலக்கு வேண்டிய பிள்ளைகள் இருக்கிறார்கள். தொய்வு உள்ள பிள்ளை உதறுகிற இடத்திலும் கழுவுகிற இடத்திலும் நிற்கக்கூடாது, கழுவிக் காய்ந்ததைக் கொண்டு ஒட்டுவதற்கும் முதலில் தாயைக் கேட்க வேண்டும். கண்டதை வாயில் வைக்கிற வயதுப் பிள்ளைக்கு இந்த வேலையே வேண்டாம். கையில் புண் இருந்தால் ஆறின பிறகு. வேலை முடிந்ததும் எல்லாரும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவித்தான் எழும்ப வேண்டும். அதே பழக்கத்தைக் கோழிக்கூட்டுக்கும் கொண்டுபோகச் சொல்கிறேன். அப்படிக் கொண்டுபோன வீடுகள் இருக்கின்றன. எந்தத் தடை விதியாலும் கிடைக்காத பாதுகாப்பு அது.

"உதுக்கெல்லாம் எங்க நேரம், எங்க தண்ணி" என்பது ஆசிரியர்களின் கடைசி வாதம். ஆவணியில் கிணறு அடிமட்டத்துக்குப் போகிற ஊர் இது, எனக்கும் தெரியும். ஒரு வகுப்பின் இறகுகளைக் கழுவ ஒரு பேசின், அலச இன்னொரு பேசின், அந்தத் தண்ணி வாழைக்குப் போகும். நேரம் என்று பார்த்தால், இரண்டு பாட வேளை கழுவுவதற்கும் நீவுவதற்கும். மீதி ஒரு மாதம் போத்தல் தானாகக் காத்திருக்கும். ஊசியும் கத்தரிக்கோலும் கொடுத்துக் கைவேலை பழக்குகிறோம், கவனமாகப் பிடிக்கச் சொல்லித்தான் கொடுக்கிறோம். இறகுக்கும் அந்தக் கவனம் போதும். தவணைத் தொடக்கத்தில் பெற்றோருக்குக் கொடுக்கிற சாமான் பட்டியலில் இறகுப் பக்கற்றை வெட்டிவிட்டு, மூடியோடு வெறும் கண்ணாடிப் போத்தல் ஒன்று என்று எழுதுங்கள்.